கலா டீச்சர் இல்லாத குரூப்

தம்பி,

போன வாரம் நீ திருப்பூரிலிருந்து பேசியபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி ஹாஸ்டல் பொறுப்பு முழுவதையும் உன்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்றாய். அங்கே தங்கி வேலை செய்யும் பெண்கள், வார்டன், வேன் டிரைவர்கள், சூப்பர்வைசர்கள் எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாய். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்த அறை, யார் எந்த வேனில் ஏறினார்கள், யார் லீவில் ஊருக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் இனி அதிலேயே வந்துவிடும் என்றாய். "இனிமே டென்ஷனே இல்லம்மா" என்றாய். நான் சாப்டியா என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எங்கள் ஸ்கூலில் ஏதோ பிரச்சினை, ஒரு டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற அளவில்தான் உனக்குத் தெரியும். நீ அப்போது காலேஜ் கடைசி வருடம். பரீட்சை நேரத்தில் உன் காதில் போட வேண்டாம் என்று உன் நைனாவும் நானும் முடிவு செய்தோம். உன்னைப் போல எத்தனையோ பேர் கடையிலும் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி குரூப் ஆரம்பித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒட்டி மூடாத கடிதமாக எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஓர் இடத்தின் பெயரைக் கடைசி வரை சொல்லப் போவதில்லை. ஏன் என்று படித்தால் உனக்கே புரியும்.

எங்கள் ஸ்கூல் ஆபீஸில் நானும் ரஹ்மத்தும்தான் என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் தாளாளர் எதையாவது அறிவிக்க வேண்டுமென்றால் சர்க்குலர் வரும், வாட்ச்மேன் வகுப்பு வகுப்பாக எடுத்துப்போவார், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ஸ்டாஃப் குரூப் வந்தது. எங்களுக்கும் சுலபமாகத்தான் இருந்தது. மழைக்கு லீவா, வேன் ஏன் லேட், எட்டாவது பி-க்கு இன்றைக்கு யார் போகிறார்கள், எல்லாம் அதில்தான். வேன் டிரைவர்கள் அடிக்கடி மாறுவார்கள் என்பதால் ஒவ்வொருத்தராகச் சேர்க்கச் சோம்பல்பட்டு, ஒரு லிங்க்கை அனுப்பிவிடுவோம். அதைத் தொட்டால் யாரும் உள்ளே வந்துவிடலாம். வேலையை விட்டுப் போனவர்களை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் மனம் வருத்தப்படுவார்களே என்ற எண்ணம். அந்தக் குரூப்பில் மொத்தம் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கலா டீச்சர் வந்தது அந்தச் சமயத்தில். நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு. சிங்கவரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள், நாங்களும் பாப்பா என்றே விசாரிப்போம். பகலில் குழந்தையை அந்த வாடகை வீட்டம்மா பார்த்துக்கொள்வார். புருஷன் வெளியூரில் என்று சொல்லியிருந்தாள். யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது காதை நம் பக்கம் கொடுத்துக் கேட்பாள். பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒன்றே ஒன்றில்தான் அவள் பிடிவாதம். அவளிடம் இருந்தது பட்டன் போன். குரூப்பில் சேர வேண்டும், ஒரு போன் வாங்கு என்று தாளாளர் மீட்டிங்கிலேயே எல்லார் எதிரிலும் திட்டினார். "எனக்கு அதெல்லாம் வேண்டாம் சார், எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல சொல்லிடுங்க, நானே வந்து கேட்டுக்கிறேன்" என்றாள். கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள். திமிர் என்றும் சொன்னார்கள்.

அவள் குரூப்பில் இல்லாததாலேயே குரூப் முழுக்க அவள் இருந்தாள். இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். மற்றவர்கள் விஷயத்தை அவரவரே ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். அவளைப் பற்றி மட்டும் நாங்கள் எல்லாரும் எழுதுவோம். கலா டீச்சரிடம் யாராவது சொல்லிவிடுங்கள். கலா டீச்சர் ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டார். கலா டீச்சர் குழந்தைக்கு ஜுரம், சிங்கவரத்திலிருந்து அந்த வீட்டம்மா போன் செய்தார், யாராவது அவருக்குப் பதிலாக ஏழாவது வகுப்புக்குப் போங்கள். கலா டீச்சர் நாளை அவலூர்பேட்டை ஸ்கூலுக்குப் பரீட்சை மேற்பார்வைக்குப் போகிறார். நானும்தான் எழுதினேன். உதவி செய்கிற நினைப்பில் எழுதினோம்.

ஆண்டு விழா போட்டோக்களும் அதே குரூப்பில்தான் வந்தன. ஒரு படத்தில் மேடை ஓரத்தில் மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு கலா நின்றிருந்தாள். அந்தப் படம் பெற்றோர் குரூப்புக்குப் போயிற்று. அங்கிருந்து யார் யாருடைய ஸ்டேட்டஸிலோ ஏறியிருக்கிறது. அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த வீட்டுக் கூடத்தில் எவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான் என்று யாரால் சொல்ல முடியும்?

அது நடந்த அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு மதியத்திலிருந்தே ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. வேன்கள் சீக்கிரம் கிளம்பிவிடும், பேப்பர் திருத்த நிற்கிற டீச்சர்கள் ஆறு மணி வரை இருக்க வேண்டும் என்று தாளாளர் குரூப்பில் போட்டார். அப்படியானால் கலா டீச்சர் எப்படிப் போவார் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆறு மணிக்குமேல் ஷேர் ஆட்டோவில் தனியாகத்தான் போக வேண்டும், பாவம் என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு நம்பர் ஏதோ அனுப்பி உடனே அழித்திருந்தது. மெசேஜ் நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது. நாம் பெயர் போட்டு வைக்காத நம்பர் என்றால், அவர்களாக வைத்துக்கொண்ட பெயர் தெரியும் இல்லையா? 'யாழினி அப்பா' என்று இருந்தது. படம் ஏதுமில்லை.

யாரிது என்று ரஹ்மத்திடம் கேட்டேன். யாரோ பேரன்ட், தெரியாமல் நம்ம குரூப்புக்குள்ள வந்துட்டாரு போல என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அட்மிஷன் போடுகிறவள் நான். எல்.கே.ஜி-யிலிருந்து பத்தாவது வரை யாழினி என்று ஒரு பிள்ளை எங்கள் ஸ்கூலில் கிடையாது. மேலே தள்ளிப் பார்த்தேன். அந்த நம்பர் லிங்க் வழியாக உள்ளே வந்து மாதங்கள் ஆகியிருந்தன. இடையில் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு குட்மார்னிங்கூட இல்லை. நாங்கள் எழுதிய எல்லாவற்றையும் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, தம்பி. டீ நேரத்தில் கலா ஆபீஸுக்கு வந்தாள், ஆறு மணி வரை நிற்க வேண்டும் என்பதைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, உனக்குத் தெரிந்து யாழினி என்று எந்த வகுப்பிலாவது பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைக்கப் போய், விளிம்பு தெரியாமல் கீழே விட்டாள்.

"எம் பொண்ணு பேருதான்க்கா யாழினி. இங்க யாருக்கும் அந்தப் பேரைச் சொன்னதில்லையே" என்றாள்.

குரூப்பில் 'யாழினி அப்பா' என்று ஒரு நம்பர் இருப்பதைச் சொன்னேன்; உடனே பாப்பாவிடம் போக வேண்டும் என்றாள். ரஹ்மத்தின் வீட்டுக்காரர் ஆட்டோ வைத்திருப்பது உனக்குத் தெரியும். அவரை வரச் சொன்னோம். அவர் வருவதற்குள் சிங்கவரத்து வீட்டம்மாவுக்கு அடித்து அடித்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. ஆட்டோவில் போகும்போதுதான் கலா சொன்னாள். கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் வேலைக்குப் போய்விட்டு, மணிக்கொரு தரம் போட்டோ எடுத்து அனுப்பு, எங்கே நிற்கிறாய் என்று காட்டு என்பானாம். ஒருநாள் ரேஷன் கடை க்யூவில் நின்றதில் அனுப்பத் தாமதமாகியிருக்கிறது. இடது காது அன்றைக்குப் போனதுதான். குழந்தையின் மேலும் கை வைக்க ஆரம்பித்த பிறகு, போனை அந்த வீட்டிலேயே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அதற்கப்புறம் அந்த மாதிரி போனைத் தொடவில்லை. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

வீட்டம்மா தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. எங்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, திரும்பவும் ஸ்கூல்லருந்தா?" என்றார். அதென்ன 'திரும்பவும்' என்று கேட்டேன். கொஞ்சம் முன்னால் ஒருத்தர் வந்தாராம். கலா டீச்சருக்கு ஸ்கூலில் மயக்கம் வந்துவிட்டது, குழந்தையைக் கூட்டிவரச் சொன்னார்கள் என்றாராம். மரியாதையாகப் பேசினாராம். வெள்ளைச் சட்டையாம்.

நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்று ரஹ்மத் கேட்டாள். அதற்கு அந்த அம்மா சொன்னதை நீ நன்றாகப் படிக்க வேண்டும். "நம்பாம இன்னா பண்றது? போன்ல உங்க ஸ்கூலு குரூப்பைக் காட்னாரு. உங்க ஸ்கூல் படம் போட்டிருந்துது. உங்க பேரு, இந்தம்மா பேரு எல்லாம் இருந்துது. போன மாசம் புள்ளைக்கு ஜொரம் வந்தது, நான் போன் பண்ணது கூட அதுல எழுதியிருந்துது. ஸ்கூல் ஆளா இல்லன்னா அதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். எங்கள் குரூப்பே அவனுக்கு அடையாள அட்டை ஆகியிருக்கிறது, தம்பி. நாங்களே எழுதி, நாங்களே முத்திரை குத்திக் கொடுத்த அட்டை.

அவன் வந்தபோது குழந்தை வீட்டில் இல்லை. வீட்டம்மாவின் மருமகள் அமாவாசைக்குக் கோயிலுக்குக் கிளம்பியபோது நானும் வருவேன் என்று அழுதிருக்கிறது, கூடவே தூக்கிப்போய்விட்டாள். யாரும் யோசித்துச் செய்ததல்ல. யாரும் காப்பாற்றவும் இல்லை. மலையனூருக்குப் போயிருக்கிறார்கள் என்பதை அந்த அம்மா அவனிடமும் சொல்லியிருந்தார். அவனும் சரி என்று கிளம்பிப் போயிருக்கிறான்.

மருமகளின் போன் கிடைக்கவில்லை. அமாவாசைக் கூட்டத்தில் அங்கே டவர் எடுக்காது. அந்தக் கூட்டத்தில் போய்த் தேடுவதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் கலா சிங்கவரம் ரோட்டில் நடுவில் நின்றாள். வேர்க்கடலை பிடுங்கிவிட்டு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். போய்த் தேடினால் வழியில் தவறிவிடும் என்று நான்தான் அவளைப் பிடித்து வைத்தேன். சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. ரஹ்மத்தின் வீட்டுக்காரர் மட்டும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு மலையனூர் ரோட்டில் போனார். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். இருட்டுகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸிலிருந்து அந்த மருமகள் இறங்கினாள். நெற்றியில் குங்குமத்தோடு குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கலா ஓடவில்லை. மெதுவாகப் போய் வாங்கிக்கொண்டாள். குழந்தை கண் விழித்து, அந்தக் கூட்டத்தில் ஒரு மாமா தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொல்லியது. மருமகளோ, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உடுக்கைச் சத்தத்தில் நகர்ந்து வந்துவிட்டேன் என்றாள்.

நேரே மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார், அந்த நம்பரைக் கேட்டார். எடுத்துக் கொடுக்கலாம் என்று குரூப்பைத் திறந்தால் தாளாளரின் மெசேஜ் நிற்கிறது. ரஹ்மத் அவருக்கு போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவர் பதற்றத்தில், 'அவசரம். யாழினி அப்பா என்ற நம்பர் யாருடையது? கலா டீச்சர் போலீஸுக்குப் போயிருக்கிறார். எல்லாரும் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று அதே குரூப்பில் போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், நல்லது நினைத்துத்தான் போட்டார். அதற்கு அடுத்த வரியில் அந்த நம்பர் குரூப்பைவிட்டு வெளியேறியதாக வந்திருந்தது. போலீஸ் அடித்துப் பார்த்தபோது ஸ்விட்ச் ஆஃப். அந்த சிம் வேறு யாரோ ஒரு கிழவர் பெயரில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாள் கலா ஸ்கூலுக்கு வரவில்லை. குழந்தையோடு அவள் எங்கே போனாள் என்பது இரண்டு பேருக்குத் தெரியும். நான் ஒருத்தி. இதுதான் நான் எழுதமாட்டேன் என்று சொன்ன இடம். பிள்ளைகள் அவளைக் கேட்டு அழுதார்கள். பரீட்சைக்கு முன் கணக்கு டீச்சர் இல்லாமல் போயிற்று. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் ஒரே பேச்சு: இப்படி ஒரு புருஷன் இருக்கிறான் என்று முன்னமே சொல்லியிருந்தால் நாம் ஜாக்கிரதையாக இருந்திருப்போமே, ஏன் மறைத்தாள்?

எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் ஆறவில்லை. ஒருத்தி பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் தன் காதில் விழுந்த அடியை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமா? உன் ஹாஸ்டலில் எத்தனையோ பெண்கள் தங்கியிருக்கிறார்கள். பிடிக்காத கல்யாணத்திலிருந்து ஓடிவந்தவள் இருப்பாள். அண்ணனுக்குப் பயந்தவள் இருப்பாள். குடிகார அப்பனிடமிருந்து சம்பளத்தை மறைக்கிறவள் இருப்பாள். யாரும் உன்னிடம் வந்து சொல்லமாட்டார்கள். ஒவ்வோர் அறையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் நீ எதையும் செய்ய வேண்டும். உன் குரூப்பில் ஒவ்வொரு பெண்ணின் நம்பரும் ஒவ்வொரு டிரைவருக்கும் தெரிகிறது. நீ அனுப்பும் படம் அவர்கள் போனில் இறங்கி, அவர்கள் வீட்டில் யார் யாரோ பார்க்கிற படங்களோடு கிடக்கிறது. நீ அழித்தாலும் உன் போனில்தான் அழிகிறது என்று நினைத்துக்கொள். வேலையை விட்டு நின்ற சூப்பர்வைசர் இன்னும் அதில் இருக்கிறானா? நீ சொல், பார்க்கலாம். கம்பெனி வேலைக்குக் கம்பெனியே ஒரு வழி ஏற்படுத்தித் தரட்டும். யார் உள்ளே வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒருவர் பொறுப்பேற்கிற வழி. இல்லையென்றால் பழையபடி அறிவிப்புப் பலகையும் வார்டனும் போதும். மெதுவாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு ரேஷனுக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் என் போனில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்.

'அக்கா, தம்பிக்கு திருப்பூர்ல லேடீஸ் ஹாஸ்டல்ல வேலை கெடைச்சிருக்காமே. சந்தோஷம். கலா அங்கதான் இருக்கா போல. நானே வந்து பார்த்துக்கிறேன்.'

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தாளாளர் பழைய குரூப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். எல்லாரையும் அவரே சேர்த்தார், என்னையும்தான். அதில் நான் இதுவரை எழுதியது ஒன்றே ஒன்று. உனக்கு வேலை கிடைத்த அன்று, பெற்றவள் சந்தோஷத்தில், ஊரையும் வேலையையும் சொல்லி இரண்டு வரி போட்டேன். அவன் அந்தப் புது குரூப்பிலும் இருக்கிறானா, இல்லை உள்ளே இருக்கிற யாரோ அவனுக்குச் சொல்கிறார்களா, எனக்குத் தெரியவில்லை. தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் முகங்களை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

கலா உன் ஊரில் இல்லை. ஆனால் அவன் அதை நம்பமாட்டான். உனக்கு விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன், நீ எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருப்பாய். ரஹ்மத்தும் நானும் இப்போது ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம். இந்தக் கடிதம் மற்றவர்கள் கண்ணில் படும்போது நான் உன்னிடம் பேசியிருப்பேன். நீ போனை எடுத்ததும் முதலில் சொல்லப்போவது இதுதான்: குரூப்பில் எதையும் எழுதாதே. எழுந்து போ, வாசல் கேட்டை மூடச் சொல், அறை அறையாகப் போய் அந்தப் பெண்களிடம் உன் வாயால் சொல்.

அம்மா